எடைச்சீட்டு

புளியரை வளைவில்
நாற்பது டன் தாங்கும் எடைமேடையில்
பதினேழு வருடமாகச் சீட்டு எழுதுகிறேன்.
மொத்தம், காலி வண்டி, சரக்கு:
மூன்றே வரி.
மணலா மாடா வைக்கோலா
நான் கேட்பதில்லை.

டெல்மிசார்டான் நாற்பது, காலையில் ஒன்று.
எனக்குக் கொதிப்பு என்று கேள்விப்பட்டு
புனலூர் சசிதரன்
லாரியை மேடையில் நிறுத்திவிட்டு
பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டினார்.
"தழுதாம. கிட்னிக்கு நல்லதாணு."
பிரித்து முகர்ந்தேன்.
எங்கள் ஊர் மூக்கிரட்டை.
மலை தாண்டிப் பேரை மாற்றிக்கொண்டு
திரும்பி வந்திருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாய் ஏறின.
செங்கோட்டைக் கடை நெருஞ்சில் பொடி.
தங்கை வீட்டுக்காரர் தந்த முருங்கை மாத்திரை,
பச்சை டப்பா, தொண்ணூறு எண்ணம்.
பொங்கலுக்குக் காப்புக் கட்டிய சிறுபீளையைக்கூட
வீணாக்காமல் காயவைத்தாள் செண்பகவல்லி.
தினம் ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு.
ஞாயிறென்றால் இளநீர்.
இலைதழைதானே,
இதையெல்லாமா டாக்டரிடம் சொல்வார்கள்?
சோறு தின்றதைச் சொல்கிறோமா என்ன?

கால்தான் முதலில் கனத்தது,
யாருடைய காலையோ வாங்கி மாட்டியதுபோல.
தென்காசியில் ரத்தம் எடுத்தார்கள்.
கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது.
பொட்டாசியம் ஆறைத் தொட்டிருந்தது.
டாக்டர் ஜெபராணி காகிதத்தை
இரண்டு தரம் படித்தார்.
"வேற என்ன சாப்பிடுதீய?"
"ஒண்ணுமில்ல."

பில் இல்லாமல் வருகிறவன் முகம் எனக்குத் தெரியும்.
அன்றைக்கு அது
என் கழுத்தின் மேல் இருந்தது.

கட்டைப்பையைத் திறந்தவள் செண்பகவல்லி.
"இதெல்லாம் சேத்துத்தான் குடுக்கேன்மா,
சீக்கிரம் குறையட்டும்னு."
மேசை நிறைந்தது.
டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.
ஒவ்வொரு மூடியாய்த் திறந்தார்.
லேபிள் உள்ளதைப் படித்தார்,
இல்லாததைத் தனியே ஒதுக்கினார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
"எத்தன கிராம்?"

குற்றாலிங்கம்,
எடைமேடைக் குற்றாலிங்கம்,
பத்துக் கிலோவுக்காக
நடுராத்திரியில் டிரைவரோடு மல்லுக்கு நிற்பவன்,
"ஒரு கரண்டி" என்றேன்.
"எந்தக் கரண்டி?"
செண்பகவல்லி விரலால் அளவு காட்டினாள்.
நானும் காட்டினேன்.
என் கரண்டி பெரிசாக இருந்தது.

மாத்திரை பொட்டாசியத்தை வெளியே விடாதாம்.
தண்டும் இளநீரும் முருங்கையும்
மேலே மேலே ஏற்றுமாம்.
இந்தப் பொடிகள் கலந்து என்ன செய்யும் என்பது
"எனக்கே சரியாத் தெரியாது" என்றார்.
அந்த வார்த்தைக்குத்தான் அவரை நம்பினேன்.
இரண்டு ராத்திரி அங்கேயே படுக்கவைத்து
மாத்திரையை மாற்றி அனுப்பினார்.
"இனி எதத் தொட்டாலும்
எங்கிட்ட காட்டிட்டுத் தொடுங்க."

இப்போது காயை வேகவைத்துத்
தண்ணீரை வடித்துவிடுகிறாள்.
வடித்ததைப் பின்சுவரோரச்
சிறுபீளைக்கு ஊற்றுகிறாள்.
அதிகம் பேசுவதில்லை.
நேற்று மட்டும்,
கரண்டியைக் கழுவிக்கொண்டே,
"நான் பாத்துப் பாத்துத்தான குடுத்தேன்."
எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி ஷிப்டு. வண்டி இல்லாத நேரம்.
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினேன்.
கேபினுக்குள் சிவப்பு எழுத்து: எழுபது.
பச்சை டப்பாவை எடுத்துவந்து நின்றேன்.
எழுபது.
கீழே வைத்தேன்.
எழுபதுதான்.

ஆரியங்காவுப் பக்கம் விளக்கு திரும்பியது.
சசிதரன்.
இறங்கு என்று ஹார்ன்,
கூடவே ஜன்னலுக்கு வெளியே ஒரு கை,
கையில் பொட்டலம்.
மறுக்க மனசில்லை. வாங்கிக்கொண்டேன்.

லாரி போனபிறகு இன்னொரு சீட்டு எழுதினேன்.
வண்டி எண்ணுக்கு எதிரே 'தழுதாம'.
மொத்தம், காலி வண்டி இரண்டும் வெற்றிடம்.
சரக்கில் ஒரு கேள்விக்குறி.
கிழித்துப் பொட்டலத்தோடு சேர்த்து
ரப்பர் பேண்டு போட்டேன்.
வெள்ளிக்கிழமை தென்காசி போகணும்.