பானெட் திறந்திருக்கிறது

கதவைத் திறந்தால்தான் களவு என்று
சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் தொழிற்சாலையில்.
அலாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.
நான்கு கதவு, ஒரு பின்கதவு, ஒரு பானெட்.
அதற்குத் தெரிந்த உலகத்துக்கு ஆறே வாசல்.

தால்காவானோவில் செவ்வாய் இரவு வந்தவன்
எந்த வாசலையும் தொடவில்லை.
கன்னக்கோல்கூட இல்லை அவனிடம்.
ஸ்பார்க் பிளக்கிலிருந்து உடைத்த
வெள்ளைப் பீங்கான் சில்லு, பல் அளவு.
எறிந்தால் வேனின் ஜன்னல் உதிரும்,
உப்பு மூட்டை அவிழ்ந்தாற்போல.
கை விட்டு எடுத்துப் போனான்
என் மல்டிமீட்டரை, மூக்குக்கண்ணாடியை,
ஓசோர்னோவிலிருக்கும் தங்கைக்கு ரொசால்பா பின்னி
ஒரு கை மட்டும் பாக்கியிருந்த ஸ்வெட்டரை.
சிவப்பு விளக்கு விடியும்வரை
நிதானமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது:
எல்லாம் பத்திரம், எல்லாம் பத்திரம்.

ஊரார் வண்டிக்கெல்லாம் வயர் இழுத்துக் கொடுப்பவன் நான்.
நிபால்தோவின் வேனிலேயே கைவைத்துவிட்டார்களாமே என்று
மீன் இறக்கும் துறையில் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்.

ஞாயிறு. கடல்மூட்டம். மீன்மாவு ஆலையின் நாற்றம்.
ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தேன்.
தீப்பெட்டி அளவுதான் அதிர்வு சென்சார்.
சிவப்புக் கம்பி பேட்டரிக்கு, கறுப்பு பாடிக்கு.
நீலம்தான் சேதி சொல்லும் கம்பி.
அதை எங்கே சேர்ப்பது?
‘அடி விழுந்தது’ என்பதற்கு
அந்த அலாரத்தின் பாஷையில் சொல்லே கிடையாது.
பானெட் சுவிட்சின் கம்பியைச் சுரண்டி
நீலத்தை முறுக்கி ஈயம் வைத்தேன்.
இனி எவன் உதைத்தாலும்
பானெட் திறந்திருக்கிறது என்று சென்சார் புளுகும்.
அலாரம் அதை நம்பி ஊரைக் கூட்டும்.

மீதி வேலை ஒரு சின்னத் திருகில்.

“ரொசால்பா, வந்து கண்ணாடியில் தட்டு.”
மாவுக் கையோடு வந்தாள்.
முதலில் மோதிரவிரலால். ஒன்றுமில்லை.
பிறகு உள்ளங்கையால். கண்ணாடியில்
வெள்ளையாக ஒரு கை விழுந்தது, அவ்வளவுதான்.
மயிரிழை திருப்பினேன். “இன்னும்.”
“எவ்வளவு அடித்தால் போதும் உனக்கு?” என்றாள்.
அலாரத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.
முஷ்டியால் குத்தினாள்.
அலறியது. நாய்கள் சேர்ந்துகொண்டன.
மேல்மாடி ஒதிலியா ஜன்னலைத் திறந்து திட்டினாள்.
“கச்சிதம்!” என்றேன்.
விரல்களைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் பூனை குதித்ததற்கு அலறியது,
சிமெண்ட் லாரிக்கு, வடகாற்றுக்கு இரண்டு முறை.
ஒவ்வொரு முறையும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி
மூடியிருக்கும் பானெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.
ஒவ்வொரு முறையும் திருகு கொஞ்சம் பின்னால்.

வியாழன், விடியற்காலை மூன்றேகால்.
அலமாரிக் கோப்பைகள் பேசத் தொடங்குமுன்
வேன் பேசியது.
பிறகுதான் கட்டில் நகர்ந்தது, சுவர் முனகியது.
நிற்க முடிந்தால் நில்,
முடியாவிட்டால் குன்றுக்கு ஓடு:
இந்த ஊர்க்காரர்களுக்குள் இருக்கும் திருகு அது.
நிற்க முடிந்தது.
போர்வைகளோடு தெருவில் நின்றோம்.
மற்ற வண்டிகளெல்லாம் குலுங்கிக் குலுங்கித் தூங்கின.
ஒதிலியா வேனைக் காட்டி,
“இன்றைக்கு அது சொன்னது சரி” என்றாள்.

விளக்குகள் போயிருந்தன.
ரொசால்பாவின் தோளில் பை.
அவசரத்துக்கென்று கட்டி வைத்த பை,
டார்ச் இருக்கும் என்று
பல்லைத் திறந்து கை விட்டேன்.
டார்ச் இல்லை.
மடித்த உடுப்புகள், அவள் மாத்திரைகள்,
புதிதாக வாங்கிய கம்பளி உருண்டை,
ஓசோர்னோவுக்கு ஒரு பஸ் டிக்கெட்.
வெள்ளிக்கிழமைக்கு. ஒன்றே ஒன்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
கடற்சிங்கங்கள் துறையில் குரைத்தன.
நிலம் எப்போதோ அடங்கிவிட்டது.
பானெட் திறந்திருக்கிறது, பானெட் திறந்திருக்கிறது
என்று வேன் கதறிக்கொண்டிருந்தது.

“அணையேன் அதை” என்றார் யாரோ.
ரிமோட் என் கையில்தான் இருந்தது.