மண்வெட்டிச் சட்டம்

தன் பங்குக் கரையைக் காக்க முடியாதவர்
அதில் மண்வெட்டியை நட்டுவிட்டுப் போகலாம்.
பிடுங்குகிறவருக்கு நிலம்,
நிலத்தோடு கடலும்.
ஃப்ரீசியக் கரையில் இதுதான் சட்டம்.

மார்செல்லுஸ் திருநாளுக்கு மறுநாள்
மொம்மெயின் பசு கூரைமேல் நின்றது, உயிரோடு.
இறக்கத் தெரியாமல்
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
என் கணவர் போயெ
கிடைக்கவேயில்லை.

நோன்பு நாளில் பன்றிக்கொழுப்பு தின்றீர்கள்,
அதனால்தான் என்றார் லூடெர் சாமியார்.
நற்கருணையை ஏந்திக் கரைமேல் நடந்தார்.
அணைய அணைய மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தபடி
பின்னால் நாங்கள்.
கடல் பின்வாங்கியது.
ஓதம் வற்றும் நேரம் அது.
எல்லோருக்கும் தெரியும். எவரும் சொல்லவில்லை.

கரைக் கணக்கர் ஒக்கோ கயிறு பிடித்து அளந்தார்.
பாட்டன்மார் எழுப்பியதைவிட
நம் கரை இரண்டு முழம் கூடுதல்.
அப்படியும் வழிகிறதென்றால்
கடல் வளர்ந்திருக்கிறது,
அல்லது...
கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்.

அந்த 'அல்லது'வைப்
பதினேழு வருடம் வெட்டியவள் நான்.
உப்பூறிய கரிமண்ணைச் செங்கல் செங்கல்லாக வெட்டி
உலர்த்தி, எரித்து,
சாம்பலைக் கடல்நீரில் கரைத்துக் காய்ச்சினால்
வெள்ளை வெளேரென்று உப்பு.
ரீபெ சந்தையில் பேரம் பேசாமல் வாங்குவார்கள்.
வயல் இறங்கியது.
முதலில் முழங்கால் ஆழம்.
பிறகு கன்றுக்குட்டி நின்றால்
முதுகு தெரியாத ஆழம்.
வாசலில் நின்று நேராகப் பார்த்த பாய்மரத்தைக்
கழுத்து நிமிர்த்திப் பார்க்க வேண்டியதாயிற்று.
கடல் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்.
நாங்கள் தரையையே உப்பாக்கி விற்றவர்கள்,
தண்ணீர் வீடு தேடி வந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன்.
சாமியார் கேட்டார்: பன்றிக்கொழுப்பு?
அதுவும் தின்றேன், சாமி.

இந்த வசந்தத்தில் பார்லி
மூன்று விரல் வளர்ந்து மஞ்சளித்தது.
என் பங்குக் கரை பதினோரு கோல்.
கைகள் நான்கு, அதில் இரண்டு
ஒன்பது வயது மகளுடையவை.

இன்று காலை நட்டேன்.
மர மண்வெட்டி. விளிம்பில் மட்டும் இரும்புத் தகடு.
நடுமுன் தகட்டைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டேன்.
மண்வெட்டி என்றுதான் சொல்கிறது சட்டம்,
இரும்பு என்று சொல்லவில்லை.

மேட்டுப் பாதையில் திரும்பிப் பார்த்தேன்.
மொம்மெயின் பங்கிலும் ஒரு காம்பு நின்றது.
அதற்கப்பால் மூடுபனி.

போகிற ஊரிலும்
கரிமண் உண்டாம்.