இரண்டே முக்கால் நிமிடம்

கோட்டைமுனையில் சைக்கிள் சாமான் கடைக்கு மேல்
செல்லரின் அறை. ஒலிபெருக்கி இரண்டு,
நாற்காலி மூன்று, கவிழ்த்த பெயின்ற் வாளி ஒன்று.
வாளி எனக்கு. பிந்தி வருகிறவனுக்கு வாளி.

பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்த ஒரே இசை,
இரண்டு பேர் வாசித்த இரண்டு பதிவு.
நடுவில் வரும் அந்த மெதுவான பகுதியை
ஒருத்தி ஒன்பது நிமிடத்தில் முடித்துவிடுகிறாள்.
மற்றவர் பதினொன்றே முக்கால் எடுக்கிறார்.
மிச்சமுள்ள இரண்டே முக்காலுக்காக
மூன்று மாதமாய்ச் சண்டை.

ஜௌபருக்குச் சீமெந்து வியாபாரம். காத்தான்குடியிலிருந்து
இஷா தொழுதுவிட்டு வருவார்.
"இந்த மனுசன் ஒவ்வொரு சுரத்துக்கும் நிண்டு
நம்மட முகத்தப் பாக்கிறான்.
அழுகிறவன் கண்ணாடி பாப்பானா?
சொல்லப் போனால் சொல்லு,
மறுகா வீட்டுக்குப் போ."

தவலெட்சுமி நீதிமன்றத்தில் தட்டெழுத்தாளர்.
அவள் சத்தமாய்ப் பேசி நான் கேட்டதில்லை.
"சாட்சி சொல்லுறவங்க தயங்குவாங்க.
'கண்டேன்' எண்டதுக்கு முன்னால ஒரு மூச்சு.
அத அடிக்க என்ட மெசினில எழுத்தில்ல.
'கண்டேன்' மட்டும்தான் மேல்கோட்டுக்குப் போகும்.
இந்தாள் அந்த மூச்சையும் வாசிக்கிறார்."

லேத் பட்டறைக்காரர் செல்லருக்குக் காது பாதி மந்தம்.
வேகத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.
அவர் காத்திருப்பது ஓர் இடத்துக்கு:
வயலின்கள் எல்லாம் எழும்பி
பியானோவை மூடிவிடும் இடம்.
"அங்க என்ன வாசிக்கிறாங்க எண்டு கேக்கப்படாது.
குருமண்வெளிப் பாதையில, இஞ்சின் இரைச்சலுக்குள்ள,
ஒருத்தி ஒருத்தனுக்கு என்னவோ சொன்னாள்.
வாய் அசைஞ்சது. அவன் தலையாட்டினான்.
மண்டூரில இறங்கி ஆளுக்கொரு பக்கம் போனாங்க.
என்ன சொன்னாள் எண்டு இண்டைக்கும் தெரியாது."
அந்த ஒருத்தன் யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைத் தாளில் எடுக்கிறவன்.
தாளை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால்
பதறுகிற நெஞ்சும் ஆறுதலாய் நடப்பதுபோல் விழும்.
சொல்லிப் பார்த்தேன்.
"அப்ப எது சரி?" என்றார் ஜௌபர்.
ஓரத்தில் வேகத்தை எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.
யாருக்கும் திருப்தி இல்லை.
எனக்கும்தான்.

போன வெள்ளி, நீளமான பதிவின் ஏழாவது நிமிடத்தில்
கரண்ட் போனது.
இருட்டில் செல்லர்தான் முதலில் முனகத் தொடங்கினார்,
விட்ட இடத்திலிருந்து. பிறகு தவலெட்சுமி. பிறகு நான்.
மூன்று பேரும் மூன்று இடத்தில் நின்றோம்.
ஜௌபர் கடைசியாய்ச் சேர்ந்தார்.
நாங்கள் முடித்து, நுளம்பு அடித்து,
கரண்டும் வந்து, காற்றாடி சுற்றத் தொடங்கிய பிறகும்
அவர் முடிக்கவில்லை.
கண்ணை மூடி, ஒவ்வொரு சுரத்திலும் நின்று நின்று.
தவலெட்சுமி எழும்பிப் போய்
லைட்டை அணைத்துவிட்டு வந்தாள்.

இரவு பதினொன்றரை. ஊறணியில் என் வீடு. போன்.
"நான் விட்டுக்குடுக்கல்ல, விளங்குதா?
அவள்தான் சரி. இதக் கேளுங்க."
ஸ்பீக்கருக்குக் கிட்டப் போனைப் பிடித்திருக்கிறார்.
லைன் மோசம்.
எண்பது பேர் வாத்தியக் குழு
கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
பியானோ மட்டும் தனியே கடந்து வந்தது,
தகரத்தில் சொட்டும் தண்ணீர்போல் மெலிந்து.

செல்லரின் இடமும் வந்தது.
மூடுவதற்கு யாரும் இல்லை.
அவள் அங்கே வாசிப்பது முழுக்கக் கேட்டது.
பெரிதாய் ஒன்றுமில்லை.
நாலு சுரம் ஏறி, கடைசிப் படியில் கால் வைக்காமல்
திரும்பி இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது.
செல்லரிடம் இதை நான் சொல்லப்போவதில்லை.

"எப்பிடி?" என்றார் ஜௌபர்.
சரியாய்க் கேட்கல்ல,
இன்னொருக்காப் போடுங்க என்றேன்.