அன்மிட்சு

"நோன்பு முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு,
இப்பம் எதுக்காக்கும் கடல்பாசி?"
தராசிலிருந்து தலை நிமிர்த்தினார் பீர்கண்ணு.
ஒரு பலகாரம் என்றேன், ஜப்பான்காரங்களுக்குள்ளது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப்
பத்து கிராம் நிறுத்தார்.
காற்றை நிறுத்துத் தந்ததுபோல் இருந்தது.

குளச்சலில் மே மாதம்.
தகரக் கூரைக்குக் கீழே ஃபேன்
வெந்நீரை ஆற்றுவதுபோல் காற்றை ஆற்றுகிறது,
ஆறவில்லை.
ஷைலட்டுக்கு ஏழாம் மாதம்.
மூன்று நாளாய்ச் சோறு இறங்கவில்லை.
மீன் வாடை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு
பின்வாசலுக்கு ஓடுகிறாள்.
பின்வாசலில் அடுத்த வீட்டுக்காரி
சாளை உரசிக்கொண்டிருப்பாள்.

ஊறப் போட்டேன்.
நரைத்த முடிக்கற்றை போலக் கிடந்தது
அரைமணி நேரத்தில் மெத்தென்றாகி
கொதியில் ஒவ்வொரு இழையாய்க் காணாமல் போனது.
ஒரு நார் மிச்சமிருந்தாலும் கிளறணும்.
அங்கே சின்னச் சிவப்புப் பயறு,
இங்கே பெரும்பயறு, வேகவைத்து மசித்தேன்.
அங்கே கருஞ்சர்க்கரைப் பாகு,
இங்கே கருப்பட்டி.
வடிகட்டியும் அடியில் கொஞ்சம் மணல்.
அது நம்ம பக்கத்துக் கையெழுத்து, இருக்கட்டும்.

தட்டில் ஊற்றி முடிக்கவும் கரண்ட் போனது.
சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் வருமாம்.
ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன், மூடினேன்,
மறுபடியும் திறந்தேன்,
திறந்து பார்ப்பதால் ஏதோ குளிரும் என்பதுபோல.

கடல்பாசி அசரவில்லை.
அந்த வேக்காட்டிலேயே உறைந்துவிட்டது.
தட்டைத் தட்டினால் மட்டும்
தூக்கத்தில் கூப்பிட்டவன்போல் ஒரு சின்னத் திடுக்கிடல்.
ஆனால் உறைவது வேறு
குளிர்வது வேறு.

பைக்கை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.
தடைக்காலத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி,
டீசல் ஜெனரேட்டர் போட்டுக்
கட்டிகளை அரைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான் ததேயு.
"எந்தப் போட்டுக்குடே?"
என் வீட்டுப் போட்டுக்கு என்றேன்.
பழைய வாளைமீன் பெட்டியில்
ரெண்டு மண்வெட்டி அள்ளிப் போட்டான்.

தட்டை நாலு பிளாஸ்டிக் பையில் சுற்றினேன்.
அஞ்சாவதாக இன்னொன்று.
பெட்டியை அவள் மூக்குக்கு எட்டாத மூலையில் வைத்து
மேலே ஈரச்சாக்கு.
ஒரு மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்,
முட்டை காக்கிற ஆண்கோழி மாதிரி.

கட்டங்கட்டமாய் வெட்டிக் கிண்ணத்தில் போட்டு
பயறு ஒரு உருண்டை, ரெண்டு நுங்கு,
மேலே பாகு ஊற்றி நீட்டினேன்.
"இதுக்குப் பேரென்ன?"
அன்மிட்சு.
"அன்னமிட்டா? யாரு?"

இல்லை பிள்ளே, பேரே அதுதான்.
ஷிமிசுவில் கப்பலை டாக்கில் ஏற்றினப்போ
துறைமுகத்துக்கு வெளியே ஒரு கடை.
மெஸ்ஸில் வேலையில்லை, சும்மா போனேன்.
"கடையில யாரு?"
ஒரு பொம்பளை.
"எத்தன தடவ போனிய?"
ஒரு தடவை.
"ஒரே தடவ பாத்தா பத்து கிராம் கணக்கும் படிச்சிய?"

கப்பல் டாக்கில் நின்றது பத்தொன்பது நாள்.
அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம்
அவள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே தின்பேன்.
பத்தொன்பது, என்றேன்.

ஷைலட் ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
அதன் வழியாக என்னைப் பார்த்தாள்.
நான் அதற்குள் தலைகீழாகத் தெரிந்திருப்பேனோ,
நடுங்கிக்கொண்டு தெரிந்திருப்பேனோ.
"இதுல ஒண்ணும் ஒளிச்சு வைக்க முடியாது, இல்லியா?"

வாயில் போட்டாள்.
கண்ணை மூடினாள்.
வயிற்றுக்குள் ஏதோ உதைத்திருக்க வேண்டும்,
இடது கை அங்கே போனது.
அடுத்த துண்டு, அதற்கடுத்தது, நுங்கு, பாகு.

மீன் வாடை அடிக்குதா என்று கேட்டேன்.

"அடிக்கு" என்றாள்
கிண்ணத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டே.