முதல் சாலுரான்

பீடோங், மூன்றாம் ஆண்டு வகுப்பறை.
சுவரில் வாய்ப்பாட்டு அட்டைகளை யாரும் கழற்றவில்லை.
ஏழாம் வாய்ப்பாட்டுக்குக் கீழே வாக்குப் பெட்டி.
இன்று நான் டீச்சர் இல்லை,
பேர் வாசிக்கும் கிராணி.

ஐ.சி.யை வாங்கி, முகத்தைப் பார்த்து,
பன்னிரண்டு எண்களையும் பேரையும்
கடைசி நாற்காலிக்குக் கேட்கச் சொல்லவேண்டும்.
ஏஜெண்டுகள் ஸ்கேல் வைத்துக் கோடு கிழிப்பார்கள்.
அப்புறம்தான் மை.

முதல் சாலுரான் வயதானவர்களுக்கு.
பட்டியலின் நாலாம் பக்கத்தில்
மண்டோர் குப்பமுத்து இன்னும் இருக்கிறார்.
தைப்பூசத்துக்கு முந்தின வாரம்
நாங்கள் எரித்தது யாரை?

"பாத்தீங்களா டீச்சர்,
கார்டத் திருப்பித் திருப்பிப் பாருங்க.
செத்தவன் வந்து போட்டுட்டுப் போயிருவான்"
என்றார் தவநேசன்.
எதிர்ப்பக்க ஏஜெண்டு ரொஸ்னா மலாயில் சொன்னாள்:
"கேளுங்கள். ஆனால் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்."
இரண்டும் சரியாகத்தான் பட்டது எனக்கு.
இருவருக்கும் ஒரே கடை நாசி லெமாக்.

பதினொன்றரைக்கு இருசாயி அக்கா.
நாற்காலி தூக்க வந்த ஆள் என்று
வாசலில் போலீஸ்காரன் விட்டிருப்பான்.
தப்பில்லை;
இந்த வகுப்பறையை நேற்றுக் கூட்டித் துடைத்து
பெட்டிக்கு மேசை போட்டதே அவர்தான்.

நீட்டியது சிவப்பு ஐ.சி.

ஹார்வார்டு தோட்டம் இல்லை, அதற்கும் உள்ளே,
இப்போது செம்பனை நிற்கும் ஒரு லயத்தில் பிறந்தவர்.
கிராணி எழுத மறந்த பிறப்பு.
நாற்பது வருசம் பால் வெட்டு, பிறகு மருந்தடிப்பு.
பதிவிலாகா மெஷின் அவர் கட்டைவிரலை
மூன்று தடவை கேட்டதாம்.
ரேகை தேய்ந்துபோயிருந்ததாம்.
அடுத்த வருசம் வாங்க, அடுத்த வருசம் வாங்க.

"அக்கா, உங்க பேரு இதுல..."

"இல்லன்னு தெரியும் டீச்சர்.
ஓட்டுக் கேக்க வரல.
எல்லாரு பேரையும் சத்தமா வாசிக்கிறீங்க,
வெளிய காம்பவுண்டு வரைக்கும் கேக்குது.
எம்பேர ஒருக்கா வாசிங்களேன்."

தவநேசனின் ஸ்கேல் அப்படியே நின்றது.
ரொஸ்னா என்னைப் பார்த்தாள்.
பட்டியலில் உள்ளதை மட்டும் வாசிக்க
இரண்டு நாள் பயிற்சி எடுத்தவள் நான்.
ஐம்பத்தெட்டில் பிறந்தவர்கள் பக்கத்தை எடுத்தேன்.
இரண்டு பேருக்கு நடுவே
ஒரு நூல் அளவு வெள்ளை.

"அடுத்து" என்றேன்.

அவர் கார்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
உறையை ரவிக்கைக்குள் வைத்து
பின்னால் நின்ற கிழவருக்கு
வழி விட்டார்.

குப்பமுத்து கடைசிவரை வரவில்லை.
அவரளவில் யோக்கியர்.

திங்கட்கிழமை வருகைப் பதிவேடு.
கவினேசன். உள்ளேன் டீச்சர்.
யாழ்மொழி. உள்ளேன் டீச்சர்.
எழுதியிராத ஒரு பேர்
எங்கிருந்து வாயில் வந்ததோ,
தகப்பன் பேரோடு,
கடைசி பெஞ்சுக்கும் அப்பால் கேட்கும்படி:
இருசாயி கருத்தான்.

பிள்ளைகள் சிரித்தார்கள்.
வெளியே தாழ்வாரத்தில்
ஈரத் தரையை இழுத்துக்கொண்டிருந்த மாப்
நின்றது.