கிளியரன்ஸ்

மூன்று வருஷம் முழங்காலுக்குத்தான் வைத்தியம்.
சிங்காநல்லூரில் ஒரு எண்ணெய்,
சூலூரில் ஒரு கட்டு.
முழங்கால் மேல் குற்றமில்லை என்று
படமெடுத்துச் சொன்னவர் டாக்டர் இளவேனில்.
"வலி கேக்கறது அங்க.
கெளம்பறது இடுப்புல."

வெளிச்சப் பலகையில் என் எலும்பைச் செருகினார்.
வலது பக்கம், பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே
ஒரு கறுத்த கோடு.
இடது பக்கம் அது இல்லை.
"கிளியரன்ஸே இல்லீங்களே" என்றேன்.
"லேத் வேலையா நீங்க?" என்று சிரித்தார்.

கணபதியில் முப்பத்தொரு வருஷமாய்
பம்ப் ஷாஃப்ட் கடைகிறேன்.
அதனால் ஆளாளுக்கு எனக்குப் பாடம்:
"பேரிங் தேஞ்சுபோச்சுங்க மாமா,
மாத்திப் போட்டா முடிஞ்சுது."
பேரிங்கைப் பற்றி, என்னிடம்.

பேரிங் ராத்திரி மூணு மணிக்கு
எந்தப் பக்கம் புரள்வதென்று யோசிப்பதில்லை.
பேரிங்குக்கு பஸ் படி உயரம் தெரியாது.
கழற்றப் போகும் முன்
எந்த பம்ப்பும் பெண்டாட்டியைக் கூப்பிட்டு
சீட்டுப் பணம் யாரிடம் எவ்வளவு என்று
சொல்லி வைப்பதில்லை.

கத்தி கடைசியில் என்றார் டாக்டர்.
முதலில் எண்பத்தாறு கிலோ எழுபத்தெட்டு ஆகட்டும்.
அன்றைக்கே மயிலாத்தா
அரிசிம்பருப்புக்கு நெய்யை நிறுத்தினாள்.
நான் நாலு கிலோ இளைத்தேன்,
அவள் ஆறு.

பயிற்சி சொல்லித்தர ஜோபின் என்று ஒரு பையன்.
பாலக்காட்டுத் தமிழ்.
கைத்தடியை வலது கையில் கொடுத்தான்.
"வலி எடதுல தம்பி."
"அதுகொண்டுதான் வலதுல."
சண்டை போட்டேன். பிறகு நடந்து பார்த்தேன்.
அந்தப் பக்கம் ஊன்ற, இந்தப் பக்கம் பாரம் இறங்கியது.
எதிர் எடை.
தெரிந்த கணக்குத்தான்,
என் உடம்பில் போட்டுப் பார்த்ததில்லை.

மாத்திரை இடுப்பை விட்டு வயிற்றைப் பிடித்தது.
மார்கழியில் ஒரு ஊசி.
மாசியில் கோனியம்மன் தேரை
தடியில்லாமல் நின்று பார்த்தேன்.
பங்குனியில் வலி திரும்பி வந்தது,
பையை அதே மூலையில் வைத்துவிட்டு
என்ன கொழம்பு என்று கேட்கும்
ஒறம்பரை மாதிரி.

அப்புறம்தான் மேஜைமேல் அதை வைத்தார்.
டைட்டானியம் தண்டு.
அதன் தலையில் இளஞ்சிவப்பாய்
ஒரு செராமிக் பந்து.
கையில் எடுத்து நகத்தால் தடவினேன்.
எங்கும் நகம் தட்டவில்லை.
இந்த ஃபினிஷ் என் லேத்தில் வராது,
பொய் சொல்லக்கூடாது.

"எத்தன வருஷம் வருமுங்க?"
"பல பேருக்கு இருபதுக்கு மேல.
உங்களுக்கு எத்தனைன்னு சொல்ல முடியாது."
அந்தச் சொல்ல முடியாது எனக்குப் பிடித்தது.
கிருமி, ரத்தக்கட்டு,
நழுவும் பந்து, ஒரு நூல் நீளும் கால்:
மறைக்காமல் விரல்விட்டுச் சொன்னார்.
சம்மணம் போடக்கூடாதாம்.
இனிமேல் கோயில் பந்தியில்
எனக்கு மட்டும் நாற்காலி.

"மாட்டறதுக்கு முன்ன எத்தன தடவ அளப்பீங்க?"
"ரெண்டு."
"நான் மூணு தடவ அளப்பேனுங்க."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
"சரி, மூணு."
கையெழுத்துப் போட்டேன்.

தேதி வைகாசியில்.
அதற்குள் நாற்பது ஷாஃப்ட் முடிக்க வேண்டும்.
லேத் பக்கத்தில் பட்டறைக்காரர் ஸ்டூல் போட்டு
மாசம் ஒன்றாகிறது.
இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

கடைசி ஷாஃப்டில் தெறித்த சுருள் ஒன்று
இடது செருப்புக்குள் விழுந்தது.
குனிந்து எடுக்க முடியவில்லை.
யாரையும் கூப்பிடவும் இல்லை.
அது குத்தக் குத்த வண்டி ஏறி வீடு வந்தேன்.
வாசலிலேயே உட்காரவைத்து
செருப்பைக் கழற்றித் தட்டினாள் மயிலாத்தா,
திட்டிக்கொண்டே.