கட்டைவிரல் அகலம்

மாலை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்.
காலையில் கால் பொய் சொல்லும்.
பகலெல்லாம் மீன் ஆலையின் ஈரத் தரையில் நின்று
வீங்கி, சாக்ஸின் வரி பதிந்து வரும் காலுக்குத்தான்
அளவெடுக்க வேண்டும்.

ரோக்வி முன்னதாகவே வந்துவிட்டார்.
கண்ணாடியின் ஒரு பக்கத்தைத்
தூண்டில் நரம்பால் கட்டியிருந்தார்.
மடியில் ஒரு பை. பைக்குள் கறுப்பு ஷூ, ஒடுக்கமானது,
மேலே வெள்ளிப் பூட்டு.
"ஜூலைக் கடைசியில் ஆட்டம். இதில் கொஞ்சம் இடம் பண்ணிக் கொடு."

கண்ணை மூடச் சொன்னேன்.
பத்து கிராம் அழுத்தினால் வளையும் நைலான் இழை.
பெருவிரலடி. சுண்டுவிரலடி. பாதத்தின் மேடு.
"தொட்டதும் சொல்லுங்கள்."
கிளாக்ஸ்விக் துறையில் ஒரு படகு ஊதியது.
"இப்போதா?" என்றார்.
இழையை நான் மேசைமேல் வைத்து நேரமாகியிருந்தது.

மரமே முளைக்காத இந்தத் தீவில்
மரத்துப் போயிருந்தன அவர் கால்கள்.

அவர் போட்டு வந்த பூட்ஸைக் கவிழ்த்து உதறினேன்.
கை விட்டுத் துழாவினேன்.
படிப்பில் சொல்லித் தந்ததில்லை, பழக்கம்.
விரல் நுனியில் ஒட்டி வந்தது
மிளகளவுகூட இல்லாத ஒரு திருகாணி.
ரோக்வி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
"செவ்வாய்க்கிழமை தொலைத்தது" என்றார்.
அன்று திங்கள்.

ஆறு நாள் ஷூ கடித்திருக்கிறது,
கடித்ததைச் சொல்லக் காலுக்கு வாயில்லை.

அன்று நான் அளவெடுக்கவில்லை.
செவிலி மார்யுன்னுக்குப் போன் செய்தேன்.
புண்ணுக்கு மேல் ஷூ செய்பவள் நானில்லை.
ஆர்ஹுஸில் பரீட்சை எழுதியபோது
இருபத்தாறு எலும்புகளின் பேரையும் கேட்டார்கள்;
ஆசையோடு பை தூக்கி வந்தவரை
வெறுங்கையோடு அனுப்புவது எப்படி என்று
ஒரு மார்க்குக்குக்கூடக் கேட்கவில்லை.

ஏழு வாரம் கழித்து, புண் மூடி, மறுபடியும் நாலு மணி.
எழுந்து நிற்க வைத்தேன்.
உட்கார்ந்த கால் வேறு, உடம்பைச் சுமக்கும் கால் வேறு.
(முதல் வருஷம் ஒரு பெண்மணியை உட்கார வைத்தே அளந்தேன்.
அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன்.)
அவருக்கு நீளமானது பெருவிரல் இல்லை, அடுத்தது.
அதற்கு முன்னால் என் கட்டைவிரல் அகலத்துக்குக்
காற்று இருக்க வேண்டும்.

"தொளதொளக்கிறது" என்றார். "இதைவிடச் சின்னது கொடு."
சரியாகத்தான் இருந்தது. ஆனால்
நெரித்தால் மட்டுமே தெரிகிற கால் அது;
இறுக்கம்தான் அவருக்கு
இன்னும் கால் இருக்கிறது என்பதன் அத்தாட்சி.
இதைப் புரிந்துகொண்டும் மறுப்பதுதான் என் சம்பளம்.

வெள்ளிப் பூட்டை மட்டும் கழற்றி
புதிய ஷூவில் வைத்துத் தைத்தேன்.
ஆழமான முன்பகுதி, படகுபோல் வளைந்த அடி,
உள்ளே தையலே இல்லை.
பார்க்க நன்றாயில்லை. அவரும் அதைச் சொன்னார்.
முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு,
போடும் முன் உள்ளே கை விட வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

எங்கள் ஆட்டத்துக்கு வாத்தியம் கிடையாது.
கைகோத்த வட்டம், தரைப்பலகை, மிதிக்கும் கால்கள்.
இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று.
விடியும்வரை ஆடினாராம்.
தரை தெரியவில்லை, ஆனால் கேட்டது என்றார்.

இப்போது என் முன்னால், வெள்ளை சாக்ஸ் கழற்றி.
சாக்ஸில் கறையில்லை.
சுண்டுவிரல் ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு.
இருபது நிமிடத்தில் மங்கினால் வெறும் தடம்.
மங்காவிட்டால் ஷூ என்னிடமே திரும்பும்.

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறோம்.
அவரது இன்னொரு கால், அவருக்குத் தெரியாமலே,
இடப்பக்கம் இரண்டு தட்டுகிறது.
பதினோராவது நிமிடம்.